வாய்க்கால் கடைசியில் ஒரு எச்.எஸ்.சி. வகுப்பு

போன மாதம் கிளிநொச்சிப் பாடசாலை ஒன்றிலிருந்து சுகந்தி என்ற இளம் ஆசிரியை என்னைத் தேடி வந்தார். அங்கே இப்போது தொழில் வழிகாட்டலுக்கென்று தனியாக ஒரு பாடவேளை இருக்கிறதாம். அதற்கு அவர்தான் பொறுப்பு. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் வந்து கொஞ்ச நேரம் பேச வேண்டும் என்றார். தலைப்பையும் கையோடு கொண்டு வந்திருந்தார்: ‘உங்கள் தகுதிக்கேற்ற துறையைத் தெரிவு செய்யுங்கள்.’

“பேச மாட்டன் பிள்ளை,” என்றேன்.

அவருடைய முகம் வாடிப்போயிற்று. உடம்புக்கு ஏதும் செய்கிறதோ என்று கேட்டார்.

“உடம்பு நல்லாத்தான் இருக்கு. தலைப்புத்தான் சரியில்லை. தகுதிக்கேற்ற எண்டதை வெட்டிப்போட்டு வாங்கோ, வாறன்.”

தலைப்பு மேலிடத்திலிருந்து வந்தது, மாற்ற முடியாது என்றார். அப்படியானால் நான் பேச இருந்ததை எழுதித் தருகிறேன், விருப்பமென்றால் பிள்ளைகளுக்கு வாசியுங்கள், விருப்பமில்லையென்றால் விடுங்கள் என்று சொல்லி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பினேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன்.

தகுதி என்ற சொல்லோடு எனக்குப் பழைய பகை. ஐம்பதுகளில் நான் ஆசிரியையாக வேலைக்குச் சேர்ந்தபோது எங்கள் பக்கத்தில் அந்தச் சொல்லுக்கு ஒரே ஒரு கருத்துத்தான் இருந்தது. தகப்பன் எதைச் செய்கிறாரோ அதுதான் பிள்ளையின் தகுதி.

நான் வன்னியில், தண்ணீரூற்றில் பிறந்தவள். யாழ்ப்பாணத்தில் விடுதியில் நின்று படித்தேன். வன்னியிலும் பள்ளிக்கூடம் இருக்கிறதோ என்று உண்மையாகவே அறியாமல் கேட்ட பிள்ளைகளோடு ஒரே அறையில் படுத்தெழும்பினேன். பிறகு சென்னைக்குப் போய்க் கணிதத்தில் பட்டம் எடுத்தேன். என்னுடைய படிப்பைப் பற்றி இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. நியமனத்துக்காகக் கல்விக் கந்தோருக்குப் போனபோது அங்கிருந்த பெரிய உத்தியோகத்தர் எந்த இடம் விருப்பம் என்று கேட்டார். கிளிநொச்சிப் பக்கம் என்றேன். அவர் பேனையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“அது பிழை விட்ட ஆக்களை அனுப்பிற இடம் பிள்ளை.”

“நான் அந்தப் பக்கத்து ஆள் ஐயா.”

“அப்ப ஏன் திரும்பிப் போறீர்?” என்றார். அவருக்கு அது விளங்கவேயில்லை. ஆனாலும் எழுதித் தந்தார்.

எனக்குக் கிடைத்தது கொலனிக்குள் இருந்த பள்ளிக்கூடம். குளத்து நீர்ப்பாசனத்தை நம்பி யாழ்ப்பாணத்திலிருந்து வந்து காடு வெட்டிக் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள்தான் பெரும்பாலும். முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம் வியாபாரிகளின் பிள்ளைகள் சிலரும் கிளிநொச்சியில் உறவினர் கடைகளில் தங்கிப் படித்தார்கள். நீளமான ஒரு கட்டடம், அரைச்சுவர், முன்னால் விறாந்தை, விறாந்தைக்கு முன்னால் றோட்டு. படிப்பு எஸ்.எஸ்.சி.யோடு முடிந்துவிடும். அதற்குமேல் எச்.எஸ்.சி. படித்தால்தான் பல்கலைக்கழகப் பிரவேசப் பரீட்சை எழுதலாம். அதற்கு யாழ்ப்பாணம் போக வேண்டும்.

எங்கள் அதிபரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்டு, மழையோ வெயிலோ குடையோடு வருவார். கெட்ட மனிதர் இல்லை. ஒருவரையும் ஏசியதில்லை. ‘இல்லை’ என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்ததே கிடையாது. எதைக் கேட்டாலும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சால்வைத் தலைப்பால் முதலில் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் என்று துடைப்பார். போட்டுக்கொண்டு எங்களைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்ப்பார். “நீங்கள் சொல்லுறது சரி ரீச்சர். பார்ப்பம்,” என்பார். அந்தப் ‘பார்ப்பம்’ எத்தனையோ பிள்ளைகளுடைய வழியை அடைத்திருக்கிறது. ஒவ்வொரு வெள்ளியும் பின்னேர ரயிலில் யாழ்ப்பாணம் போய்த் திங்கள் காலை வருவார். அங்கேயே மாற்றம் கிடைக்கும் என்று காத்திருந்தவர். அதற்கு இடையூறாக எதுவும் நடந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

வருசத்துக்கு ஒருமுறை எஸ்.எஸ்.சி. வகுப்புப் பிள்ளைகளைத் தகப்பன்மாரோடு தன் அறைக்குக் கூப்பிடுவார். அதற்கு ‘ஆலோசனை’ என்று பெயர். வகுப்பாசிரியை என்பதால் நானும் பக்கத்தில் இருப்பேன். முதலில் தகப்பனிடம் எத்தனை ஏக்கர் என்று கேட்பார். பிறகு வீட்டில் எத்தனை பிள்ளைகள் என்று கேட்பார். பிறகு பொடியனிடம் ஆங்கிலப் புத்தகம் ஒன்றைக் கொடுத்து வாசிக்கச் சொல்வார். ஓரளவு வாசித்தால் கந்தோர் எழுதுவினைஞர் சோதினை. தடக்கினால் பொலிஸ், அல்லது ரயில்வே. அதுவும் சரிவராவிட்டால், “வயல் இருக்குத்தானே,” என்பார். பெண்பிள்ளைகளுக்கு ஆங்கிலப் புத்தகம் மேசையைவிட்டு எழும்பாது. தாயையோ தகப்பனையோ பார்த்து, “வீட்டில என்ன பேச்சு?” என்று கேட்பார். கலியாணப் பேச்சைத்தான் கேட்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

என்னவாக வர விருப்பம் என்று பிள்ளையிடம் கேட்கிற வழக்கம் அங்கே இல்லை. நான்தான் குறுக்கே புகுந்து கேட்பேன். பிள்ளை திடுக்கிட்டுத் தகப்பனைப் பார்க்கும், பிறகு நிலத்தைப் பார்க்கும், பிறகு மெல்லச் சொல்லும். அதிபர் கண்ணாடியைத் துடைப்பார்.

நாகேஸ்வரி என்ற பிள்ளையின் முறை வந்தது அப்படி ஒரு நாளில்தான். தகப்பன் சின்னத்தம்பி, புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து குடியேறியவர். அவர்களுடைய காணி வாய்க்காலின் கடைசியில் இருந்தது. மேலே உள்ள வயல்கள் எல்லாம் குடித்து முடித்த பிறகு மிஞ்சினால்தான் அங்கே தண்ணீர். அதிபர் தன்னுடைய கேள்வியைக் கேட்டு முடித்ததும் நான் என்னுடைய கேள்வியைக் கேட்டேன். அவள் நிலத்தைப் பார்க்கவில்லை.

“இஞ்சினியரா வரப்போறன் ரீச்சர்.”

எல்லோரிலும் கூடத் திகைத்தது சின்னத்தம்பிதான். அதிபர் கண்ணாடியைத் துடைக்கக்கூட மறந்துபோனார். ஏன் என்று கேட்டேன்.

“எங்கட வாய்க்காலுக்குத் தண்ணி ஏன் வாறேல்லை எண்டு வாய்க்கால் வேலை பாக்கிற ஓவசியரைக் கேட்டனான். வாட்டம் சரிவு எல்லாம் கணக்குப் பாத்துத்தான் வெட்டினது, அந்தக் கணக்கு உனக்கு விளங்காது எண்டு சொன்னவர். அந்தக் கணக்கை எனக்குப் படிப்பியுங்கோ.”

ஆசிரிய வேலையில் எத்தனையோ வருசம் இருந்துவிட்டேன். அதற்கு முன்னும் பின்னும் ஒரு பிள்ளை என்னிடம் அவ்வளவு நேராக ஒன்றைக் கேட்டதில்லை.

அதிபர் நிதானத்துக்கு வந்து சொன்னார்: இங்கே எச்.எஸ்.சி. இல்லை. வகுப்புத் திறக்க அனுமதி வேண்டும். அனுமதிக்குப் போதிய பிள்ளைகள் வேண்டும். யாழ்ப்பாணத்துக்கு அனுப்பலாம், ஆனால்... என்று சின்னத்தம்பியின் சட்டையில்லாத தோளைப் பார்த்தார். சின்னத்தம்பி தலையை ஆட்டினார்.

“நான் படிப்பிக்கிறன் சேர். பள்ளிக்கூடம் விட்ட பிறகு,” என்றேன்.

“அனுமதி?”

“நீங்கள் கேட்டு வையுங்கோ. நான் தொடங்கி வைக்கிறன்.”

“பார்ப்பம்,” என்றார். அந்த ஒருமுறை அந்தச் சொல்லை நான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

வகுப்பில் இன்னும் இரண்டு பொடியன்கள் சேர்ந்தார்கள். தவராசா என்ற கொலனிப் பிள்ளை. மற்றவன் கரீம், முல்லைத்தீவு வியாபாரி ஒருவரின் மகன். ஒரு குமர்ப்பிள்ளையைப் பொடியன்களோடு வைத்துப் பின்னேரத்தில் படிப்பிக்கிறாள் என்று கதை கிளம்பியது. கதை கிளம்பிய மறுநாளே கரும்பலகையைத் தூக்கிக்கொண்டு போய் விறாந்தையில் வைத்தேன். றோட்டால் போகிற வருகிற எல்லோரும் பார்க்கட்டும் என்று. சனம் வந்து பார்த்தது. சைக்கிளில் போனவர்கள் காலை ஊன்றி நின்று பார்த்தார்கள். கொஞ்ச நேரம் கணிதத்தைக் கேட்டால் எவருக்கும் வேறு வேலை ஞாபகம் வந்துவிடும். ஒரு மாதத்துக்குள் ஒருவரும் நிற்பதில்லை.

கஷ்டம் படிப்பில்தான் இருந்தது. எஸ்.எஸ்.சி. வரை எல்லாம் தமிழில் படித்த பிள்ளைகள் அதற்குமேல் கணிதத்தையும் பௌதிகத்தையும் ஆங்கிலத்தில் படிக்க வேண்டும். நான் தமிழில் விளக்குவேன், பிறகு அதையே ஆங்கிலத்தில் எழுதுவேன், பிள்ளைகள் அதைத் திருப்பித் தமிழில் எனக்குச் சொல்ல வேண்டும். சொல்ல முடியாவிட்டால் விளங்கவில்லை என்று அர்த்தம். திரும்பத் தொடங்குவோம். நாகேஸ்வரி கெட்டிக்காரியோ என்று கேட்பவர்களுக்குச் சொல்கிறேன், கரீம் அவளைவிட வேகம். ஆனால் விளங்காத ஒன்றை விளங்கியது என்று சொல்லி நழுவுகிற பழக்கம் அவளிடம் இல்லை. அது அபூர்வம்.

கல்வித் திணைக்களத்து வித்தியாதிகாரி மேற்பார்வைக்கு வந்த நாள் இந்த வகுப்பு அவருக்குத் தெரியவந்திருக்கவே வேண்டியதில்லை. காலையில் வந்தார், சின்ன வகுப்புகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டார், மத்தியானம் அதிபரோடு சாப்பிட்டார். புறப்படுகிற நேரம் காருக்குக் காற்றுப் போய்விட்டது. சாரதி சில்லைக் கழற்றிக்கொண்டிருக்க, அவர் விறாந்தைக்கு வந்தார். நான் கரும்பலகையில் சாய்தளத்தில் உருளும் பொருளை வரைந்துகொண்டிருந்தேன்.

“இது என்ன வகுப்பு?”

“எச்.எஸ்.சி. கணிதம் சேர்.”

“இந்தப் பள்ளிக்கூடத்தில அப்பிடி ஒரு வகுப்பு இல்லையே.”

“இருக்கு சேர். உங்களுக்கு முன்னால இருக்கு. அனுமதிதான் இல்லை.”

அதிபரின் கை கண்ணாடிக்குப் போனது. வித்தியாதிகாரி என்னை விட்டுவிட்டு நாகேஸ்வரியிடம் திரும்பினார்.

“அப்பா என்ன செய்யிறார்?”

“நெல்லுக் கமம் சேர்.”

“அப்ப இந்தக் கணக்கெல்லாம் உனக்கு என்னத்துக்கு?”

“கமத்துக்குத்தான் சேர்,” என்றாள்.

அவர் என்னை அதிபரின் அறைக்கு வரச் சொன்னார். கதவைச் சாத்தவில்லை. அதனால் பிள்ளைகளுக்கும் கேட்டிருக்கும். அரசாங்கம் ஏன் இந்தக் கொலனிகளைத் திறந்தது என்று கேட்டு, தானே பதிலும் சொன்னார். நெல் விளைவிக்க. அதற்காகக் காணி கொடுத்து, குளம் கட்டி, குடும்பங்களைக் கொண்டுவந்து இருத்தினால், நீங்கள் அந்தப் பிள்ளைகளை வயலிலிருந்து கிளப்பிக் கொழும்புக்கு அனுப்பப் பார்க்கிறீர்கள். அவரவர் தகுதிக்கேற்ற கல்வியைத்தான் கொடுக்க வேண்டும். இது ஆசிரியருக்குத் தெரிந்திருக்க வேண்டிய முதல் பாடம்.

“சேர், நெல் விளைவிக்கிறவைக்குத் தண்ணி விடுறதும் ஆரோ ஒரு படிச்ச ஆள்தான்,” என்றேன். “அந்த ஆள் இந்தக் கொலனிப் பிள்ளையா இருக்கக் கூடாது எண்டு எந்தச் சட்டத்தில இருக்கு? காட்டுங்கோ, நான் கரும்பலகையைத் தூக்கி உள்ள வைக்கிறன்.”

அவர் எதையும் காட்டவில்லை. கார் சரிவந்து போய்விட்டார். அடுத்த மாதம் எனக்கு இடமாற்றம் வந்தது. யாழ்ப்பாணத்தில், பட்டணத்து நடுவில், பெயர்பெற்ற பெண்கள் பாடசாலை. மற்ற ஆசிரியர்கள் கைகுலுக்கினார்கள். அந்த இடத்துக்காக வருசக்கணக்காக ஏறி இறங்கிய ஒருவர், அதிகாரியிடம் எப்படிக் கதைத்தால் இப்படிக் கிடைக்கும் என்று என்னிடம் இரகசியமாகக் கேட்டார்.

நான் போகவில்லை. கஷ்டப் பிரதேசத்தில் வேலை செய்ய வேண்டிய காலம் எனக்கு இன்னும் முடியவில்லை, விதிப்படி அதை முடிக்க என்னை விடவேண்டும் என்று எழுதினேன். அந்த விதி ஆசிரியர்களை இங்கே கட்டிவைப்பதற்காகப் போட்டது. அதைப் பிடித்துக்கொண்டு ஒருத்தி இங்கேயே நிற்பாள் என்று போட்டவர்கள் நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் உண்மையில் என்னைக் காப்பாற்றியது விதியில்லை. எனக்குப் பதிலாக நியமித்த ஆசிரியை ஆளைப் பிடித்துத் தன் மாற்றத்தை நிறுத்திவிட்டார். அடுத்தவரும் அப்படியே. கிளிநொச்சிக் கொலனிக்கு வர ஒருவரும் இல்லை. கணிதம் படிப்பிக்க நான் மட்டும்தான். அலுத்துப்போய் விட்டுவிட்டார்கள்.

பரீட்சைக்கு விண்ணப்பிக்கிற காலம் வந்தது. அனுமதியில்லாத வகுப்பு, அதனால் பிள்ளைகள் தனிப்பட்ட பரீட்சார்த்திகளாகத்தான் தோற்ற முடியும். அதற்கும் அதிபரின் நற்சாட்சியும் கையெழுத்தும் வேண்டும். திங்கள் கேட்டேன், பார்ப்பம். செவ்வாய் கேட்டேன், பார்ப்பம். கையெழுத்துப் போட்டால் வகுப்பு நடந்தது தனக்குத் தெரியும் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்ற பயம் அவருக்கு. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்குப் பிறகு அவரைக் காணவில்லை. வழக்கத்தைவிட முன்னதாகவே ஸ்ரேசனுக்குப் போய்விட்டார். நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு பின்னாலே போனேன்.

மேடையில் கிடந்த வாங்கில் உட்கார்ந்து, பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் எழும்பினார்.

“திங்கள் வந்து பார்ப்பம் ரீச்சர்.”

“திங்கள் இது கொழும்பில நிக்க வேணும் சேர்.”

ரயிலின் சத்தம் கேட்டது. சனம் பெட்டி படுக்கையோடு முன்னுக்கு வந்தது. அவர் என்னைச் சுற்றிப் போகப் பார்த்தார். நான் நகர்ந்து முன்னால் நின்றேன்.

“ரீச்சர், சனம் பாக்குது.”

“பாக்கட்டும் சேர். கையெழுத்தைப் போட்டிட்டு ஏறுங்கோ. இல்லாட்டி இண்டைக்கு நானும் உங்களோட யாழ்ப்பாணம் வாறன், வழி முழுக்கக் கேட்டுக்கொண்டு.”

வண்டி வந்து நின்றது. அவர் பெட்டியை வாங்கில் வைத்து, அதன் மேலேயே மூன்று விண்ணப்பங்களுக்கும் கையெழுத்துப் போட்டார். ஏறி இருந்த பிறகு யன்னலால் தலையை நீட்டினார்.

“எல்லாம் சரி. பௌதிகத்துக்குச் செய்முறைச் சோதினை இருக்கே. இங்க ஒரு சாமானும் இல்லையே. அதுக்கு என்ன செய்யப்போறியள்?”

அவர் கேட்டது நியாயமான கேள்வி. வண்டி போய்விட்டது.

எழுத்துச் சோதினையை மூவரும் நன்றாகச் செய்தார்கள். செய்முறைக்குக் கொழும்புக்குப் போனோம், நாகேஸ்வரிக்குத் துணையாக நான். பெரிய ஆய்வுகூடம். ஒவ்வொரு மேசையிலும் பளபளவென்று கருவிகள். வெளியே வந்தபோது அவள் அழவில்லை. கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ரீச்சர், அந்த வேர்னியர் இருக்கெல்லே, தடிப்பு அளக்கிற இடுக்கி. நீங்கள் கரும்பலகையில பெரிசாக் கீறினீங்கள். அது இவ்வளவு சின்னன் எண்டு எனக்குத் தெரியாது. எந்தப் பக்கத்தால பிடிக்கிறதெண்டும் தெரியேல்லை.”

முடிவுகள் வந்தன. தூய கணிதம், பிரயோக கணிதம் இரண்டிலும் அவள் சித்தியடைந்தாள். பௌதிகத்தில் தவறிவிட்டாள். கரீம் மட்டும் கடைக் கருவிகளைத் தூக்கிப் பழகியவன், தட்டித் தடவித் தப்பித்தான். தவராசாவும் தவறி, பட்டது போதும் என்று பொலிஸில் சேர்ந்தான். வித்தியாதிகாரி அதிபரிடம், “பாத்தியளோ, தகுதி எண்டு ஒண்டு இருக்குத்தானே,” என்று சொன்னதாக எனக்கு எட்டியது. அன்றைக்கு வந்த கோபம் என்னை விட்டு இன்னும் போகவில்லை. போக வேண்டும் என்று நான் முயன்றதும் இல்லை.

அந்தச் செய்திக்குப் பின்னால் இன்னொரு செய்தி வந்தது. நாகேஸ்வரிக்குக் கலியாணம் பேசிவிட்டார்கள். நான் அவர்களுடைய வீட்டுக்குப் போனேன். சிறுபோகம் தவறிப்போய் வயல் வெடித்துக் கிடந்தது. சின்னத்தம்பி வேலிக்கு அலம்பல் தடிகளைக் கட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் கதிரையைக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்தார். தான் நின்றார்.

“ரீச்சர், நீங்கள் சொன்னதெல்லாம் செய்தனான். ஊர்க்கதையையும் கேட்டனான். இனி என்னை விடுங்கோ.”

“மாப்பிள்ளை ஆர் அண்ணை?”

“தங்கச்சியின்ர மகன். சுன்னாகத்தில கடையில நிக்கிறான். நல்ல பொடியன்.”

“நல்ல பொடியன் எண்டால் ஒரு வருசம் காத்திருப்பான்.”

குசினி வாசலிலிருந்து தாய் அன்னம்மா சொன்னார்: “பெயிலான பெட்டையை ஆர் காத்திருந்து கட்டுறது ரீச்சர்?”

“அவள் பெயிலாகேல்லை அக்கா,” என்றேன். “மாட்டையும் கலப்பையையும் கண்ணாலயும் காணாத ஒராளைக் கூட்டிக்கொண்டு வந்து, உழு பாப்பம் எண்டு விட்டிட்டு, இவருக்கு உழத் தெரியாது எண்டு சொல்லுவியளோ? அந்தச் சாமானை ஒருக்காத் தொட விட்டிட்டு, பிறகு சொல்லட்டும் பெயில் எண்டு.”

“திரும்பவும் தவறினால்?”

“தவறினால் தவறட்டும். கணிதம் படிச்ச பிள்ளையாக் கட்டிக் குடுங்கோ. அதால குறையிறதுக்கு ஒண்டும் இல்லை.”

நாகேஸ்வரி அதுவரை தாய்க்குப் பின்னால் நின்றவள், முற்றத்துக்கு வந்தாள்.

“அப்பா, கலியாணம் வேண்டாம் எண்டு நான் சொல்லேல்லை. இதை முடிக்காமல் வேண்டாம் எண்டுதான் சொல்லுறன். இந்தச் சிறுபோகம் முழுக்கக் கருகிப்போச்சு. காலபோகத்துக்கு விதைக்காமல் விடப்போறியளோ?”

சின்னத்தம்பி கையில் இருந்த அலம்பலைப் பார்த்தார். “விதைக்கிறதுதான்,” என்றார். பிறகு மனைவியைப் பார்த்தார். அன்னம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான்: “அந்தச் சாமானுகள் எங்க இருக்கு?”

யாழ்ப்பாணத்தில் என்னோடு படித்த லீலா ஒரு பாடசாலையில் பௌதிகம் படிப்பித்தாள். ஆய்வுகூடத்துச் சாவி அவளிடம்தான் இருந்தது. சனிக்கிழமைகளில் திறந்துவிடச் சம்மதித்தாள். “ஆரும் கேட்டால் என்ர சொந்தக்காரப் பிள்ளை எண்டு சொல்லுறன்,” என்றாள்.

“சொந்தம் எண்டு சொல்லாதையும். வன்னியில இருந்து வந்த பிள்ளை, அங்க ஆய்வுகூடம் இல்லை எண்டு உள்ளதைச் சொல்லும். வெக்கப்பட வேண்டியது நாங்கள் இல்லை.”

சனிக்கிழமை தவறாமல் காலை ரயிலில் மூவர் போனோம்: நான், நாகேஸ்வரி, அன்னம்மா. மகளைத் தனியே விடமாட்டேன் என்று வந்த தாய், முதல் சில வாரம் வெளியே வேப்பமரத்துக்குக் கீழ் சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தார். பிறகு ஒருநாள் உள்ளே வந்து கதவோரம் நின்றார். மகள் கம்பியொன்றின் தடிப்பை அந்த இடுக்கியால் அளந்துகொண்டிருந்தாள். அளந்தாள், எழுதினாள், திருப்பிப் பிடித்து மறுபடி அளந்தாள். அன்னம்மா என் காதுக்குள் சொன்னார்: “இதுக்கோ ரீச்சர் பெயில் எண்டவை?”

அடுத்த முறை அவள் சித்தியடைந்தாள். பொறியியல் பீடத்தில் இடம் கிடைத்தது. கரீம் நில அளவைத் திணைக்களத்தில் சேர்ந்தான். பேசி வைத்த நல்ல பொடியன் காத்திருக்கவில்லை. வேறு இடத்தில் கட்டிக்கொண்டான். அதற்காக அந்த வீட்டில் ஒருவரும் அழவில்லை.

இஞ்சினியராகி வந்து தகப்பனின் வாய்க்காலைத் திருத்தினாளோ என்று எல்லோரும் கேட்கிறார்கள். இல்லை. முதலில் கொழும்பில் வரைபட மேசையில் இருத்தினார்கள். வெளி வேலை வேண்டும் என்று அவள் சண்டை பிடித்த பிறகு அனுராதபுரப் பக்கம் போட்டார்கள். அங்கே யாரோ ஒருவருடைய கடைசி வயலுக்குத் தண்ணீர் போயிருக்கும். எனக்கு அது போதும்.

நாகேஸ்வரி பல்கலைக்கழகம் போன மறுவருசம் எங்கள் பள்ளிக்கூடத்துக்கு எச்.எஸ்.சி. வகுப்புக்கு அனுமதி வந்தது. அந்த வருசப் பரிசளிப்பு விழாவுக்குப் பிரதம விருந்தினர் அதே வித்தியாதிகாரி. நன்றியுரையை என்னிடம் தந்த அதிபர், “சுருக்கமாச் சொல்லுங்கோ ரீச்சர்,” என்று ஒன்றுக்கு இரண்டுமுறை சொன்னார்.

வித்தியாதிகாரி நீளமாகப் பேசினார். கொலனிப் பிள்ளைகளின் தகுதியைத் தங்கள் திணைக்களம் எப்போதோ இனங்கண்டுகொண்டது என்றார். அந்தத் தகுதிக்கேற்ற வழியைக் காட்டியதன் பலன்தான் நாகேஸ்வரி என்றார். சனம் கைதட்டியது. சின்னத்தம்பியும் புதுச் சால்வையோடு முன்வரிசையில் இருந்து கைதட்டினார், பாவம்.

நான் எழும்பினேன். சபைக்கு வணக்கம் சொன்னேன். நன்றி சொல்வதற்கு முன், வகுப்பில் வரவுக்குப் பெயர் கூப்பிடுவதுபோல ஒரு இடாப்புக் கூப்பிடப் போகிறேன் என்றேன். கையில் கடதாசி ஒன்றும் இல்லை. தேவையும் இருக்கவில்லை.

“செல்வராணி. தாதியா வர விரும்பினவ. பத்மநாதன். மருந்துப் படிப்புப் படிக்க விரும்பினவர். சேகு முகம்மது. சட்டம் படிக்க விரும்பினவர். பாக்கியம். ஆசிரியையா வர விரும்பினவ...”

ஆலோசனை அறையில் என் கேள்விக்குப் பதில் சொல்லி, பிறகு வயலுக்கும் கடைக்கும் கலியாணத்துக்கும் அனுப்பப்பட்ட பிள்ளைகளின் பெயர்கள் அவை. அதிபர் என் பக்கம் திரும்பி மெல்ல இருமினார். நான் நிறுத்தவில்லை. பாக்கியத்தின் பெயரைச் சொல்லி அடுத்த பெயருக்குப் போக இருந்தபோது சபையின் பின்பக்கத்தில், நின்றுகொண்டிருந்த பெண்களுக்குள் இருந்து ஒரு குரல் வந்தது.

“உள்ளேன் ரீச்சர்.”

இடுப்பில் பிள்ளையோடு பாக்கியம் கையை உயர்த்திக்கொண்டு நின்றாள். வகுப்பில் நிற்பது போலவே நின்றாள். சிரிப்பொன்றும் இல்லை. நான் அடுத்த பெயரைச் சொன்னேன். றோட்டுப் பக்கத்தில் சைக்கிளோடு நின்ற ஒருவன், “உள்ளேன்,” என்றான். அதற்கடுத்த பெயருக்குப் பதில் வரவில்லை. பதில் வருமோ என்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

“இவை எல்லாருக்கும் தகுதி இருந்தது,” என்றேன். “அதை அளக்கிற சாமான்தான் இஞ்ச இருக்கேல்லை. வந்திருந்த எல்லாருக்கும் நன்றி. வணக்கம்.”

வித்தியாதிகாரி தேநீருக்கு நிற்கவில்லை. விழாவில் நடந்துகொண்ட முறைக்கு விளக்கம் கேட்டுத் திணைக்களத்திலிருந்து எழுதினார்கள். இடாப்புக் கூப்பிடுவது ஆசிரியரின் கடமை என்று பதில் எழுதினேன். அதன் பிறகு நான் ஓய்வுபெறும்வரை எந்த மேடையிலும் என்னைப் பேசக் கூப்பிடவில்லை. பதவி உயர்வும் பிந்தித்தான் வந்தது. அதிபருக்கு அவர் கேட்ட யாழ்ப்பாண மாற்றம் கிடைத்தது. போகிற அன்று என்னிடம் வந்து, கண்ணாடியைத் துடைக்காமலே, “நீங்கள் இங்கயே நில்லுங்கோ ரீச்சர்,” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

விழா முடிந்த அடுத்த கிழமை, அனுமதி வந்த பிறகும் நான் நிறுத்தாத பின்னேர வகுப்பு நடந்துகொண்டிருக்கும்போது பாக்கியம் பிள்ளையோடு விறாந்தைப் படியில் வந்து நின்றாள்.

“ரீச்சர், ஆசிரிய கலாசாலைக்கு எனக்கு வயசெல்லை தாண்டீட்டுதோ?”

“இன்னும் இல்லை.”

“எஸ்.எஸ்.சி.யில ரெண்டு பாடம் திரும்ப எடுக்க வேணும்.”

“எடு.”

“இவனை என்ன செய்யிறது?”

“கொண்டு வா.”

அடுத்த நாள் வந்தாள். எச்.எஸ்.சி. பிள்ளைகள் ஒதுங்கி வாங்கில் இடம் கொடுத்தார்கள். நான் கரும்பலகையின் ஒரு கரையை அழித்து அவளுக்குப் பின்னக் கணக்கொன்றை எழுதினேன். அவள் குனிந்து செய்யத் தொடங்கினாள். அவளுடைய பொடியன் வாங்குக்குக் கீழே வெண்கட்டித் துண்டொன்றைக் கண்டெடுத்துச் சப்பிக்கொண்டிருந்தான்.